சேரி வீட்டுக்குத் தொடக்க விலை வைத்தவன் யார்?

சென்ற இதழில் தோழர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ஊர் ஏலத்தில் சேரிக்காரன் வாய் திறக்க முடியாது, கணினி ஏலத்தில் திறக்க முடியும். அங்கே எல்லோரும் வெறும் எண்கள். எண்ணுக்குச் சாதி கிடையாது. ஆகவே திரையில் நடக்கும் ஏலம்தான் சாதி தோற்றுப்போகும் முதல் சந்தை. அவர் வாதத்தின் சாரம் இவ்வளவுதான். எழுத்து நன்றாக இருக்கிறது. வாதம் ஆபத்தானது. நம் பத்திரிகையிலேயே இது மறுப்பில்லாமல் கிடந்தால் நாளைக்கு இதையே எடுத்து நம் முகத்தில் வீசுவார்கள். கவிதை எழுதுகிறவனுக்கு ஏலத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பகலில் நான் வங்கி எழுத்தன். வாராக்கடன் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் மேலே போகின்றன.

அவர் சொன்னதில் உண்மையானதை முதலில் ஒத்துக்கொள்ளலாம். ஊர்ப் புளியமரம், ஏரி மீன், கோயில் நிலக் குத்தகை, கரையில் நிற்கும் வேலமரம், எதை ஏலம் விட்டாலும் அது கோயில் வாசலிலோ ஊர்ச்சாவடியிலோதான். நம்ம ஆள் நிற்பது கடைசி வரிசைக்கும் வெளியே. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற காலம் போய் இப்போது சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். கேட்க வாயெடுத்தால், 'ஒனக்கு எதுக்குடா மீன் குத்தகை, கொழம்புக்கு வேணும்னா கேளு, தர்றோம்' என்று சிரிப்பார்கள். சிரிப்பையும் மீறிக் கேட்டுவிட்டால் அந்த வருசம் நடவுக்குக் கூப்பிட ஆள் வராது. ஏரிக்கரைப் பாதையில் முள் விழும். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூவுகிறவன் மூன்றாம் தரத்தை யார் முகத்தைப் பார்த்து முடிப்பான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2019 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவியையே ஏலம் விட்ட ஊர்கள் செய்தியில் வந்தன. ஆக, ஏலம் என்ற சொல்லே நமக்கு இனிப்பான சொல் அல்ல.

திரையில் இந்த முகம் பார்க்கும் வேலை இல்லை. கேட்பவர் ஓர் எண். 2025 ஜனவரியில் பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்ட 'பேங்க்நெட்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அதில் பதிவு செய்து முன்பணம் கட்டிய யார் வேண்டுமானாலும் எந்தத் தெரு வீட்டுக்கும் விலை கேட்கலாம். நம்மில் நாலு பேர் அப்படி வாங்கியும் இருக்கலாம். சரி.

ஆனால் தோழர் ஏலத்தைப் பாதியிலிருந்து பார்க்கிறார். கூவுகிறவன் கூவ ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஏலம் ஆரம்பித்துவிடுகிறது. எந்த எண்ணிலிருந்து கேட்பது என்று ஒருவன் தாளில் எழுதி வைக்கிறானே, அதுதான் ஆரம்பம். திரையை விட்டு வெளியேறிய சாதி எங்கே போயிற்று என்று தேடுகிறவர் அந்த எண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், நீதிமன்ற வாசலை மிதிக்காமலேயே வீட்டை விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. வீட்டுக்கடன் நிறுவனங்களும் அதில் உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது செல்லும் என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. தவணை தவறி வாராக்கடன் ஆனால் 13(2) பிரிவில் 60 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். கட்டாவிட்டால் 13(4)இல் சுவாதீனம். ஆள் வெளியேற மறுத்தால் 14ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடம் உத்தரவு வாங்கிப் போலீசோடு வரலாம். பிறகு ஏலம். அதே ஆண்டு போட்ட விதிகளில் 8(5) என்று ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கி, கடன் கொடுத்தவரைக் கலந்துகொண்டு, வங்கியின் 'அதிகாரம் பெற்ற அலுவலர்' ரிசர்வ் விலையை வைப்பார். யாரைக் கலந்துகொண்டு என்பதை மறுபடி வாசியுங்கள். கடன் கொடுத்தவரை. வீட்டுக்குச் சொந்தக்காரர் அந்த வாக்கியத்திலேயே இல்லை.

இந்த ரிசர்வ் விலையைத் தமிழ் அறிவிப்புகளில் சிலர் 'ஒதுக்கீட்டு விலை' என்று எழுதுகிறார்கள். ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டாலே தகுதி போச்சு, திறமை போச்சு என்று கொதிக்கிறவர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி ஒருநாளும் கொதித்துப் பார்த்ததில்லை.

தோழர் மனதில் இருப்பது அமெரிக்க ஏலம் என்று நினைக்கிறேன். 1995இல் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிய தளம்தான் பின்னால் ஈபே ஆனது. முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, 14.83 டாலருக்குப் போனது என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே விற்பவன் இரண்டு விலை வைக்கலாம். ஒன்று தொடக்க விலை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதைக் குறைவாக வைத்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் போட்டியில் ஏறும் என்பது கணக்கு. இன்னொன்று ரிசர்வ் விலை. எவ்வளவு என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஏலம் அதைத் தொடாவிட்டால் பொருளைக் கொடுக்க வேண்டியதில்லை. தொடக்க விலை அவன் போடும் தூண்டில். ரிசர்வ் அவன் வழுக்கி விழாமலிருக்க ஊன்றிக்கொள்ளும் கம்பு. தூண்டிலும் கம்பும் சொந்தக்காரன் கையிலேயே இருக்கின்றன. தப்பாக வைத்தால் நட்டமும் அவனுக்கே. ஆகவே யோசித்து வைப்பான்.

வங்கி ஏலத்தில் இந்த இரண்டும் ஒன்றுதான். ரிசர்வ் விலையைப் பத்திரிகையில் அச்சடித்துவிட்டு, அதிலிருந்தே கேட்கச் சொல்கிறார்கள். வைப்பவன் சொந்தக்காரனும் அல்ல. வங்கிக்கு வர வேண்டியது பன்னிரண்டு லட்சம் என்று வையுங்கள். அதற்கும் செலவுக்கும் மேலே ஏலம் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் 13(7) பிரிவின்படி வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. தனக்கு வராத ரூபாய்க்காக எந்த அலுவலர் மெனக்கெடுவார்? பாக்கி தீர்ந்தால் கோப்பு மூடும். மார்ச் முடிவதற்குள் கோப்பு மூட வேண்டும் என்பதுதான் மேலிருந்து வரும் தொலைபேசி. இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்லவில்லை. எங்கள் அலுவலகங்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்களை வைத்தே இந்தக் காரியம் நடக்கும்படிதான் விதி எழுதப்பட்டிருக்கிறது.

மதிப்பீட்டாளர்களோடு பேசிப் பழகியவன் நான். ஒருவர் நேர்மையான மனிதர், பொறியாளர். காலனி வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "வீடு நல்லாத்தான் சார் கட்டியிருக்காங்க. ஆர்.சி.சி. தளம், டைல்ஸ், மோட்டார் எல்லாம் இருக்கு. ஆனா ஏரியா காலனி, பாத்துக்கோங்க. கேக்க ஆள் வராது." மதிப்பீட்டுப் படிவத்தில் பகுதியின் வகைப்பாடு என்று ஒரு கட்டம் உண்டு: உயர்வு, நடுத்தரம், ஏழை. அவர் எதைக் குறித்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சாதி என்று ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் கிடையாது. எதற்கு வேண்டும்? தெருப்பெயர் போதும்.

'கேக்க ஆள் வராது.' இந்த மூன்று சொல்லை நான் விடப்போவதில்லை. ஏன் ஆள் வராது? அந்தத் தெருவில் தண்ணீர் இல்லையா, சாலை இல்லையா? சில தெருவில் இல்லைதான். அதுவும் ஏன் இல்லை என்பது வேறு கதை. எல்லாம் இருக்கிற தெருவுக்கும் வர மாட்டான். ஏனென்றால் சாதி இந்து சேரியில் குடியிருக்க மாட்டான். அதே மனிதன் நகரத்தில் யார் கட்டினார், யார் செங்கல் தூக்கினார் என்று கேட்காமல் அடுக்குமாடியில் போய் ஏறிக்கொள்வான். சொந்த ஊரில் ஓடைக்கு இந்தப் பக்கம் வர மாட்டான். ஆக, அந்த வீட்டின் 'சந்தை விலை' என்று மதிப்பீட்டாளர் எழுதுவது சிமெண்டின் விலையும் அல்ல, மண்ணின் விலையும் அல்ல. தீண்டாமையை ரூபாயில் எழுதிய தொகை. அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்கிறோம். ஒழித்த ஒன்றை எப்படி ஐயா ஒரு கட்டத்துக்குள் தேய்மானமாகக் கழிக்கிறீர்கள்?

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். சந்தையில் உள்ளதைத்தானே எழுதுகிறோம், நாங்கள் என்ன சந்தையைத் திருத்தவா வந்தோம் என்பார்கள். அப்படியானால் ஒரு கேள்வி. கடன் கொடுக்கும்போது இதே வீட்டை மதிப்பிட்டீர்களே, அப்போது இது காலனி இல்லையா? முப்பது லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கடன் தொகை பெரிதாக வேண்டும், வட்டி பெரிதாக வேண்டும் என்றால் மதிப்பும் பெரிதாக வேண்டும். அன்றைக்குக் காலனி பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்தது, வளரும் பகுதியாக இருந்தது. தவணை நின்றதும் அது காலனி ஆகிவிட்டது. கொடுக்கும்போது ஊர் விலை, பிடுங்கும்போது சேரி விலை. இடைப்பட்ட வருசங்களில் நம்மவர் கட்டிய வட்டி மட்டும் ஊர் விலைக்கு.

இப்போது கணக்குப் போடுவோம். கவிஞர்களுக்கும் இது நல்லது. இருபது லட்சம் பெறுமான வீடு. மதிப்பீட்டாளர் மூன்று தொகை எழுதுவது வழக்கம்: சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, நெருக்கடி விற்பனை மதிப்பு. கடைசித் தொகை பதினைந்து என்று வருகிறது. அதுவே ரிசர்வ் விலை. கேட்க ஆள் இல்லை. அடுத்த ஏலத்துக்குப் பத்து சதவீதம் குறை: பதின்மூன்றரை. ஆள் இல்லை. இன்னும் பத்து: பன்னிரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். இன்னும் பத்து: பத்து லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்து ஐந்நூறு. இப்போது ஒருவன் வருகிறான். ஒருவன்தான். பதினொரு லட்சம் என்று ஒரே ஒரு முறை கேட்கிறான். கணினி அடுத்த கேள்விக்காக சில நிமிடம் காத்திருக்கிறது. யாரும் இல்லை. முடிந்தது. வங்கிக்குப் பாக்கி பன்னிரண்டு. வீடும் போய், மீதி ஒரு லட்சத்துக்கு 13(10) பிரிவில் வழக்கும் போடலாம்.

இங்கேதான் தோழர் கவனிக்காத நுட்பம் இருக்கிறது. பத்துப் பேர் போட்டி போடுகிற இடத்தில் தொடக்க விலை வெறும் வாசல்படி. எங்கே வைத்தாலும் போட்டி மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே ஒருவன் கேட்கிற இடத்தில் தொடக்க விலைதான் விலை. நகரத்து அடுக்குமாடிக்குத் தொடக்க விலை கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. சேரி வீட்டுக்குக் குறைந்தால் குறைந்தபடியே விற்றுப்போகும். எனவே எந்த இடத்தில் ரிசர்வ் விலையைப் பிடித்துக் காக்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் அது திரும்பத் திரும்ப அறுக்கப்படுகிறது. விதி 9(2) ரிசர்வ் விலைக்குக் கீழே விற்றால் கடன்காரரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்ல விதி மாதிரித் தெரிகிறதா? ரிசர்வ் விலையையே குறைத்துப் புது ஏலம் வைப்பதற்கு யார் சம்மதமும் வேண்டாம். இத்தனை சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது என்று சட்டத்திலோ விதியிலோ ஒரு வரி கிடையாது. முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு. தோற்றுப்போன ஏலத்தை மறுபடி வைக்க 15 நாள் போதும். விலை குறையக் குறைய வேகம் கூடுகிறது.

அந்த ஒருவன் யார்? பெரும்பாலும் தரகன், அல்லது தெருமுனையில் கடை வைத்து வட்டிக்கு விடுகிறவன், அல்லது காலனி ஓரமாக மனை பிரிக்க இடம் சேர்த்துக்கொண்டிருக்கிறவன். நம்மவர் ஏன் கேட்பதில்லை? முன்பணம் வழக்கமாகப் பத்து சதவீதம், ஏலத்துக்கு முன்னாலேயே கட்ட வேண்டும். ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலைநாளிலோ மொத்தத்தில் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு 15 நாளில். எழுத்தில் அவகாசம் வாங்கினாலும் மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. கடன் வாங்கி ஏலம் எடுப்பது இந்தக் கெடுவில் நடக்கிற காரியமா? பெட்டியில் பணம் வைத்திருப்பவனுக்கென்று எழுதிய விதி இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் இருக்கிற நம்ம ஆளும் கேட்க மாட்டான். பக்கத்து வீடு நொடித்துப்போய் ஏலத்துக்கு வந்தால் அதை எடுப்பது பாவம் என்று நினைக்கிற சனம் நாம். 'அழுத கண்ணீரோட வாங்குன வீட்டுல வெளக்கேத்த முடியுமா' என்பாள் என் அம்மா. இந்த மனசு நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமை காலி செய்துவைத்த இடத்தில்தான் அந்த ஒருவன் வந்து உட்காருகிறான். இதைப் பற்றி நாம் நமக்குள் பேசியாக வேண்டும்.

எங்கள் பக்கத்து அக்கா ஒருவர், அங்கன்வாடியில் வேலை பார்த்தவர், பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். கடன் எங்கள் வங்கியில் அல்ல, வேறொரு வீட்டுக்கடன் நிறுவனத்தில்.

"தம்பி, என் பேருக்கு நேரா ஒரு தொகை போட்டிருக்கே, இது நான் கட்ட வேண்டிய பாக்கியா?"

"இல்லக்கா. அது வீட்டோட தொடக்க வெல."

"யார் வெச்சது?"

"அவங்க வெச்சதுதான்கா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சந்தைக்கு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனாக்கூட, ஓட்டிக்கிட்டு வந்தவளத்தான தம்பி என்ன வெலன்னு கேப்பாங்க?"

அந்தப் பாக்கியைப் புரட்ட முடியுமா என்று அவர் அன்று மாலையே தம்பி வீடு, சம்பந்தி வீடு என்று அலைந்தார். அதற்கும் கதவு சாத்தியிருந்தது. முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று வாதாட முடிந்தது. 2016இல் 13(8) பிரிவைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். 2023இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. நம்ம சனத்துக்கு விசயம் உறைப்பது எப்போது? பத்திரிகையில் பேரும் தொகையும் வந்து, தெருவில் நாலு பேர் பார்த்த பிறகு. அதாவது மீட்கும் உரிமை செத்த நாளில்தான் அதன் செய்தி வீட்டுக்கு வருகிறது. அதற்குப் பிறகு மீட்பது அவர்கள் மனம் வைத்தால் நடக்கும் சலுகை.

தங்கத்துக்கு வருவோம். நகைக்கடன் வாங்காத வீடு நம்மில் இல்லை, எல்லோருக்கும் புரியும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்கு ஒரு புதிய நெறிமுறை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் அதன்படி நடக்க வேண்டும் என்றது. அதில் ஏலத்துக்கான ரிசர்வ் விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருக்கிறது. இரண்டு ஏலம் தோற்றால் 85 வரை இறங்கலாம். அதற்குக் கீழே கிடையாது. அதற்கு முன்பும் தங்கநகைக் கடன் நிறுவனங்களுக்கு 85 சதவீதம் என்று ஒரு தரை இருந்தது. ஆக, கம்மலுக்குத் தரை உண்டு. கம்மலைக் கழற்றி வைத்துக் கட்டிய வீட்டுக்குத் தரை கிடையாது. ஏன் இந்த வித்தியாசம் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டால், தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை அறிவிக்கிறார்கள், வீட்டுக்கு அப்படி இல்லையே என்கிறார்கள். பாதி சரி. தங்கத்துக்குத் தீட்டு இல்லை என்பது மீதிப் பாதி. சேரிக் கழுத்தில் கிடந்த பவுனும் அக்கிரகாரக் கழுத்தில் கிடந்த பவுனும் உருக்கினால் ஒரே கேரட். செங்கல்லை அப்படி உருக்க முடியவில்லை.

வீட்டுக்கு விலை அறிவிப்பு இல்லை என்பதும் முழுப் பொய். பதிவுத்துறை தெருவுக்குத் தெரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. 2012இல் உயர்த்தினார்கள், 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். நீங்களும் நானும் ஒரு மனை வாங்கி அதற்குக் கீழே விலை எழுதினால் சார்பதிவாளர் விடுவாரா? முத்திரைச் சட்டம் 47-ஏ என்று பிடித்துக்கொள்வார். அரசுக்கு வரி வர வேண்டும் என்றால் வீட்டுக்கு ஒரு தரை விலை உண்டு. ஆனால் வெளிப்படையான பொது ஏலத்தில் போன விலையைக் குறைமதிப்பு என்று 47-ஏயில் இழுக்க முடியாது என்பது வி.என். தேவதாஸ் வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். சட்டக் காரணங்கள் இருக்கட்டும். பலன் என்ன? ஏழை வாங்கும்போது இருக்கும் தரை, ஏழையிடமிருந்து பிடுங்கி விற்கும்போது காணாமல் போகிறது.

வழிகாட்டி மதிப்பையே தரையாக வைத்துவிட்டால் போதும் என்று சொல்லும் தோழர்களையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நான் புரட்டிப் பார்த்த பட்டியலில் ஊர்த்தெருவுக்கு ஒரு தொகை, சாலைக்கு மறுபுறம் ஆதிதிராவிடர் காலனிக்கு இன்னொரு தொகை. அளந்து பார்த்தால் அறுபது அடி தூரம். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். பெயர்ப்பலகையில் சொல்லை அழித்துவிட்டு, பட்டியலில் அந்தச் சொல்லுக்காகக் குறைத்து எழுதிய தொகையை அப்படியே விட்டுவைத்தால் அது வெள்ளையடிப்பு.

பஞ்சமி நிலத்தையும் தொடாமல் இதைப் பேச முடியாது. 1891இல் செங்கல்பட்டுப் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும் 1892இன் அரசாணையும் கொடுத்த அந்த நிலங்கள் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கம் மேடைதோறும் சொல்லி வருகிறது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அதை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் குண்டடிபட்டுச் செத்தார்கள். அந்த நிலத்தை மனையாக்கி, கைமாற்றி, வங்கியில் அடமானம் வைத்து, தவணை நின்று, ஏலத்துக்கு வந்தால் என்ன ஆகும்? ஏல அறிவிப்பின் அடியில் ஒரு வாசகம் இருக்கும்: எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படி, என்ன உள்ளதோ அது. வில்லங்கம் எது வந்தாலும் எடுத்தவர் பாடு என்று அதற்கு அர்த்தம். ஏலம் என்ற சலவைத்துறையில் அடித்துத் துவைத்து ஒரு விற்பனைச் சான்றிதழ் வெளியே வருகிறது. அதற்குப் பிறகு மூலப்பத்திரம் எது என்று கேட்டு நாம் நாயாக அலைய வேண்டும். எங்கே உள்ளோமோ அங்கேயே, எப்படி உள்ளோமோ அப்படியே கிடக்கச் சொன்ன மனுவுக்கு இந்த வாசகம் ரொம்பப் பிடித்திருக்கும்.

இடதுசாரித் தோழர்கள் சிலர் வேறு மாதிரிக் கேட்கிறார்கள். வீட்டுக்கடன் வாங்குவது படித்து வேலைக்குப் போன தலித் நடுத்தர வர்க்கத்தின் கவலை, நிலமில்லாதவன் பிரச்சினை இருக்கும்போது இது எதற்கு என்கிறார்கள். தோழர்களே, துப்புரவு வேலை செய்யும் அண்ணனும் செங்கல்சூளைக்குப் போய்வந்த குடும்பமும் வாங்கிய கடன்தான் என் மேசையில் கிடக்கிறது. நிலம் கிடைக்காதவனுக்குக் கடைசியாகக் கிடைத்த நிலம் அந்த ரெண்டரை சென்ட். ஊர்க்காரன் வாசலில் போய் நிற்காமல் மழைக்கு ஒதுங்க ஓர் இடம். அதையும் சொத்து என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று அர்த்தம். அம்பேத்கர் 1923இல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். பணத்தின் கணக்கைப் படிப்பது நம் அரசியலுக்கு வெளியே இருக்கிற வேலை என்று அவர் நினைக்கவில்லை.

அடுத்த மாதம் மாவட்டக் கூட்டத்தில் நாங்கள் வைக்கப்போகும் தீர்மானத்தில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. தங்கத்துக்கு வைத்த தொண்ணூறு சதவீதத் தரையைக் குடியிருக்கும் வீட்டுக்கும் வை. ரிசர்வ் விலையைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரை அழைத்துக் கேள். அவர் தரப்பு மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையையும் வாங்கு. கடன் கொடுத்த நாளின் மதிப்பீட்டை ஏல நாளின் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் அச்சிடு. குறைந்திருந்தால் காரணத்தை எழுத்தில் சொல், 'பகுதி' என்பது காரணம் ஆகாது. ஏலம் எடுக்கும் கெடுவை, கடன் வாங்கி எடுக்கிறவனுக்கும் எட்டும்படி நீட்டு. இவற்றில் நாளைக்கே கேட்கக்கூடியது ஒன்று உண்டு. கடனுக்காக விற்கும் சொத்தை முறையாக மதிப்பிட்டே ரிசர்வ் விலை வைக்க வேண்டும் என்று 2012இல் ராம் கிஷுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். 17ஆம் பிரிவில் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரை என்று மூன்று ஊர்களில்தான் இருக்கிறது, பேருந்துக் காசையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தோழருக்கு என் பதில் இவ்வளவே. அவர் மறுத்து எழுதினால் மகிழ்ச்சி. ஆனால் கருத்தை வைத்துக்கொண்டு மட்டும் மோதுவதில் பயனில்லை, கையில் சான்று வேண்டும். வாசகத் தோழர்கள் தங்கள் மாவட்டப் பத்திரிகைகளில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளைக் கத்தரித்து இதழ் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். மூலையில் பத்திரிகையின் பெயரும் தேதியும் எழுதுங்கள். அதே வீடு மறுபடி ஏலத்துக்கு வந்தால் அதையும் சேர்த்து ஊசியில் குத்தி அனுப்புங்கள், தொகை எத்தனை முறை இறங்கியது என்று தெரிய வேண்டும். வெட்டும்போது சொத்து விவரத்தின் கடைசி வரிகளை விட்டுவிடாதீர்கள். நான்கு எல்லையும் அங்கேதான் இருக்கும்: யார் வீட்டுக்குத் தெற்கு, எந்தத் தெருவுக்கு வடக்கு என்று.